சீதம்மாவின் பாடம்
நெல்லூர்க் கிராமப் பெண்களும் வீட்டுக்குள் விழுந்த அடியும்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தபோது, கல்வெட்டையோ செப்பேட்டையோ சார்ந்த பொருளொன்றை நான் எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட ஆவணம் மிக எளியது. எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்கென அச்சிடப்பட்ட தெலுங்குப் பாடநூலில் இடம்பெற்ற ஒரு பாடம் அது. 'சீதம்மா கதை' என்பது அதன் பெயர். பெரும்புலவர் எவரும் எழுதியதன்று. இலக்கிய வரலாறுகளில் அதற்கு இடமில்லை. எனினும் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாட்டில் எழுதப்பட்ட எந்தக் காவியத்துக்கும் வாய்க்காத ஒரு பேறு அதற்கு வாய்த்தது. அதைப் படித்தவர்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து தெருவுக்கு வந்தார்கள். ஒரு மாநில அரசின் கருவூலம் அதனால் ஆட்டங்கண்டது.

எழுத்தை நம்பி வாழும் நாம் அந்த நிகழ்ச்சியை அறிந்திருத்தல் வேண்டும். அதன் வெற்றியை அறிவது போலவே, அந்த வெற்றி எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்பதையும் அறிய வேண்டும். ஏனெனில் அது நின்றுபோன இடம் சொல் சார்ந்த இடம்.

வடபெண்ணைக் கரையில்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் தொடர்வண்டி, பழவேற்காட்டு ஏரிப்பக்கமாகச் சென்று நெல்லூர் மாவட்டத்துள் நுழைகிறது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரியும் வரை அம்மாவட்டம் சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. வடபெண்ணையாறு பாயும் கீழ்ப்பகுதி நெல் விளையும் பூமி. மேற்கே செல்லச்செல்ல மண் வறண்டு, மானாவாரி நிலங்களும் மேய்ச்சல் காடுகளுமாக மாறும். அந்த மேற்குப் பகுதியில், கலிகிரி வட்டாரத்தில் அமைந்த சிற்றூர் தூபகுண்டா. நிலமுடையோர் சிலர், கூலிக்குச் செல்வோர் பலர் என அமைந்த ஊர்களுள் ஒன்று.

இத்தகைய ஊர்களில் வீட்டுக்குள் இரண்டு கூலிகள் வருகின்றன. ஆணின் கூலி ஒன்று. அதனினும் குறைந்த பெண்ணின் கூலி மற்றொன்று. ஆணின் கூலியில் எவ்வளவு வீடு வந்துசேரும் என்பது மாலைப்பொழுதில்தான் தெரியும். பெண்ணின் கூலி உலைக்குப் போகும். முன்னது வராத நாளில் பின்னதைக் கேட்டுக் கை நீளும். தர மறுத்தால் அந்தக் கையே ஓங்கும். சிற்றூரில் வளர்ந்த எவருக்கும் அந்த ஒலி தெரியும். அது கேட்டவுடன் அண்டை வீட்டார் கதவைத் திறப்பதில்லை, சாத்திக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும்.

நகரத்துப் பெண்ணும் அடிபடுகிறாள். ஆயினும் கிராமத்துப் பெண்ணின் நிலையில் சில தனிக்கூறுகள் உண்டு. அவள் வாழும் ஊர் கணவனின் ஊர். தெரு கணவனின் உறவினர் தெரு. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் யாவரும் அவனுடைய சிற்றப்பன்மாரும் பங்காளிகளும். தென்னாட்டுக் குடும்பங்களில் மாமன் மகளையோ அத்தை மகளையோ, சில இடங்களில் அக்காள் மகளையோ மணம் செய்யும் வழக்கம் பரவலாக இருந்தமையால், மாமியார் என்பவள் பல வேளைகளில் தகப்பனின் உடன்பிறந்தவளாகவே இருப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் முறையிடுவது, புகுந்த வீட்டோடு பிறந்த வீட்டையும் உடைப்பதாக முடியும். ஊர்ப் பெரியவர்களிடம் வழக்கு வைத்தால், தீர்ப்புச் சொல்பவரும் அதே கடையில் குடித்துவிட்டு வந்தவராக இருக்கக்கூடும். காவல் நிலையம் பல கல் தொலைவில் இருக்கும். நிலம் அவள் பெயரில் இல்லை, வீடும் இல்லை. புறப்பட்டுப் போனால் திரும்பிவர வாசல் இல்லை.

1983-ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மனைவிக்குக் கணவனோ அவன் உறவினரோ இழைக்கும் கொடுமை, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என அது விதித்தது. வரதட்சணைச் சாவுகளை எதிர்த்து நகரங்களில் எழுந்த மகளிர் இயக்கங்களின் போராட்டத்தால் விளைந்த சட்டம் அது. ஆனால் கணவனைச் சிறைக்கு அனுப்பிய பெண் மறுநாள் எந்த அடுப்பைப் பற்றவைப்பாள் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

அரசே அனுப்பிய வெள்ளம்

இந்த நிலையில்தான் சாராயம் அரசாங்கத்தின் கையாலேயே ஊர்களுக்குள் வந்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. நெல்லூரும் அதன்கீழ் இருந்தது. ஆந்திரம் பிரிந்தபின் மதுவிலக்குக் குறித்த பிணக்கிலேயே 1954-இல் பிரகாசம் பந்துலுவின் அமைச்சரவை கவிழ்ந்தது. காலப்போக்கில் விலக்குத் தளர்ந்து, கள்ளும் சாராயமும் அரசின் வருவாய் இனங்களாயின. ஆந்திரப் பிரதேச அரசின் ஆயத்தீர்வை வருவாய் 1970–71-இல் சுமார் 39 கோடி ரூபாய். 1991–92-இல் அது 812 கோடியை எட்டியது.

இப்பெருக்கத்துக்கு ஓர் ஏற்பாடு துணைநின்றது. 1980களில், என். டி. ராமாராவின் ஆட்சியில் 'வாருணி வாகினி' என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வாருணி என்பது மதுவின் பெயர். வாகினி என்பது ஆறு. இவ்வளவு அழகிய பெயரைத் தேர்ந்தவர் யாராயினும் மொழிவளம் மிக்கவராகவே இருந்திருப்பார். சாராயம் முத்திரையிட்ட சிறு பிளாஸ்டிக் பைகளில் அடைக்கப்பட்டுச் சிற்றூர்கள் வரை சென்றது. விற்கும் உரிமையை அரசு ஆண்டுதோறும் ஏலம் விட்டது. பெருந்தொகைக்கு ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரர், போட்ட பணத்தை மீட்க வேண்டுமானால் பைகள் தெருத்தெருவாக விற்றாக வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் வராத ஊருக்குச் சாராயப் பை வந்தது. முன்பு குடிப்பவன் கடை தேடிச் சென்றான். இப்போது கடை அவனைத் தேடி வந்தது. நடந்து திரும்பும் வழியில் தெளியக்கூடிய சிறிதளவு போதையும் இப்போது தெளியாமலே வீட்டுக்குள் நுழைந்தது.

அகர வரிசையும் அந்தப் பாடமும்

1988-இல் மைய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டபின், அம்முறையைப் பிற மாவட்டங்களும் பின்பற்றின. அந்த அலையில் 1991-இல் நெல்லூரிலும் இயக்கம் தொடங்கியது. மாவட்ட நிர்வாகமும் அறிவியல் இயக்கத்தைச் சார்ந்த தொண்டர்களும் கைகோத்தனர். கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பாட்டும் நாடகமும் நடத்தின. இரவு நேரத்தில், வேலை முடிந்த பெண்கள் தெருவிளக்கின் கீழும் திண்ணைகளிலும் கூடினர்.

அவர்களுக்கு அந்த வகுப்பு எழுத்து மட்டும் தந்ததாகக் கருதுவது பிழை. கணவன்மார் கடையில் இருக்கும் அதே மாலைப்பொழுதில், பல வீட்டுப் பெண்கள் ஒரே இடத்தில் அமர்வதற்கு ஊரார் ஒப்பிய ஒரு காரணம் அவர்களுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் அவர்கள் முன்பும் சந்தித்ததுண்டு. அங்கே பேச்சு வேலைக்கு இடையில் நடக்கும். இங்கே பேசுவதே வேலையாயிற்று. பாடநூலின் ஒவ்வொரு பாடமும் படிப்போரின் வாழ்க்கையைக் குறித்த உரையாடலைத் தூண்டும்படி அமைக்கப்பட்டிருந்தது.

அவற்றுள் ஒன்றுதான் சீதம்மாவின் பாடம். ஏழைப் பெண்ணொருத்தியின் வாழ்வைக் குடி என்ன செய்கிறது என்பதே அதன் பொருள். பெயரைக் கவனியுங்கள். தெலுங்கு நாட்டுத் தெருக்களில் பத்துக்கு ஒரு வீட்டில் வழங்கக்கூடிய சாதாரணப் பெயர் அது. பொறுமையின் எல்லை என்று நம் காவிய மரபு கொண்டாடும் பெயரும் அதுவே. எழுத்துக்கூட்டி அந்தப் பெயரை வாசித்தவள் தன் வீட்டையும் சேர்த்து வாசித்தாள். அதுவரை 'என் தலைவிதி' என்று தனித்தனியே எண்ணியிருந்தவர்கள், தங்கள் எல்லாருக்கும் ஒரே விதி எப்படி வாய்த்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரே விதி பலருக்கு வாய்க்குமானால் அதை வகுத்தவன் ஒருவன் இருக்க வேண்டும். அவன் யார் என்ற கேள்வி அவர்களை ஏல உரிமம் வரை கொண்டுசென்றது.

தூபகுண்டாப் பெண்கள் தம் ஊரில் கடை நடக்கவிடாமல் தடுத்தனர். வர்தினேனி ரோசம்மா என்னும் கிராமப் பெண் அவர்களின் முன்னணியில் நின்றார். பின்னாளில் ஊரின் பெயரையே தம் பெயரோடு சேர்த்து 'தூபகுண்டா ரோசம்மா' என வழங்கப்பெற்றார். அதன்பின் நேர்ந்ததுதான் எழுத்துலகம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்த ஊரின் கதை அடுத்த நிலைப் பாடநூலில் ஒரு பாடமாக ஏறியது. 'ஆடவாள்ளு ஏகமைதே' என்பது அதன் தலைப்பு. 'பெண்கள் ஒன்றுபட்டால்' என்பது பொருள். பாடத்தைப் படித்தவர்கள் செய்த செயல் பாடமாயிற்று. அப்பாடத்தை வேறு ஊர்களில் படித்தவர்கள் அதே செயலைச் செய்தார்கள். நூலும் வாழ்வும் இவ்வாறு ஒன்றையொன்று எழுதிச் சென்றது நம் காலத்தில் அரிது.

1992: ஏலம் நின்ற ஆண்டு

1992-இல் இயக்கம் மாவட்டமெங்கும் பரவியது. பெண்கள் துடைப்பமும் மிளகாய்த்தூளும் ஏந்திக் கடைகளை முற்றுகையிட்டனர். சாராயப் பைகளைக் குவித்துத் தீயிட்டனர். வண்டிகள் ஊருக்குள் நுழையாதபடி வழியில் அமர்ந்தனர். குடித்து வந்தவர்களைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட்ட ஊர்களும், தலையை மழித்த ஊர்களும் உண்டு. இச்செயல்களை நம்மில் சிலர் ஏற்கத் தயங்கலாம். ஆனால் அத்தெருக்களில் அதுவரை அவமானம் என்பது ஒரு திசையிலேயே சென்றுகொண்டிருந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அவ்வாண்டு நெல்லூர் மாவட்டச் சாராய ஏலம் பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் ந. ஜனார்த்தன ரெட்டி அதே மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 'ஈநாடு' நாளிதழ் இப்போராட்டத்துக்கெனத் தனிப்பக்கம் ஒதுக்கியது. அரசியல் கட்சிகள், இடதுசாரி அமைப்புகள், மகளிர் சங்கங்கள் எனப் பலரும் வந்து சேர்ந்தனர். ஆயினும் தொடக்கம் இவர்களுடையது அன்று. தலித் பெண்களும் பிற்பட்ட வகுப்புக் கூலிப் பெண்களும் பெருந்தொகையில் கலந்துகொண்ட இயக்கம் அது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அது பரவிய விதத்தில் தலைமை என ஒன்றைச் சுட்டிக்காட்டுவதும் எளிதன்று.

1993 ஏப்ரல் 15 முதல் நெல்லூர் மாவட்டத்திலும், அக்டோபர் முதல் நாளிலிருந்து மாநிலம் முழுவதிலும் சாராய விற்பனை தடைசெய்யப்பட்டது. 1994 டிசம்பரில் மீண்டும் ஆட்சிக்கு வந்த என். டி. ராமாராவ், முழு மதுவிலக்கை வாக்குறுதியாக வைத்து வென்றவர். 1995 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வாருணி வாகினியைத் திறந்துவிட்டவரின் கையாலேயே அதன் மடையை அடைக்கச் செய்தார்கள் அந்தப் பெண்கள். சுவரில் சாய்ந்து எழுத்துக்கூட்டியவர்களின் சாதனை இது. இதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அவர்கள் சொன்னதும் அரசு கேட்டதும்

இருந்தும் 1997-இல் முழு மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. வருவாய் இழப்பும் கள்ளக்கடத்தலும் காரணங்களாகக் கூறப்பட்டன. அந்தக் காரணங்களை இங்கு ஆராயப் புகவில்லை. நான் கேட்க விழையும் கேள்வி வேறு. அந்தப் பெண்கள் எதைக் கேட்டார்கள்? அரசு எதைக் கேட்டுக்கொண்டது?

ஐதராபாத்தைச் சார்ந்த 'அன்வேஷி' மகளிர் ஆய்வு மையத்தினர் 1993 ஜனவரியில் இவ்வியக்கத்தைக் குறித்து எழுதிய கட்டுரை, ஆண்–பெண் உறவைத் திருத்தியமைப்பதையும் அரசியலுக்குப் புதுப்பொருள் காண்பதையும் தன் தலைப்பிலேயே சுட்டியது. நகரத்தார் பலரும் இதைக் 'குடிகாரக் கணவனைத் திருத்தப் புறப்பட்ட பத்தினிகளின் கதை' என்று கண்டபோது, கிராமப் பெண்களின் கேள்விகள் கூலியையும் சோற்றையும் அரசின் கடமையையும் சேர்த்தே எழுந்தன. எங்கள் ஊருக்கு எதை அனுப்ப வேண்டும், எதை அனுப்பக் கூடாது என்பதை நாங்கள் முடிவு செய்வோம் என்பதே அவர்கள் நிலை. அந்தக் கேள்விகளின் அடியில் வீட்டுக்குள் விழுந்த அடியும் இருந்தது. ஆனால் அதை அதன் பெயரால் தெருவில் சொல்ல அவர்களுக்கு வழியில்லை. 'என் கணவன் என்னை அடிக்கிறான்' என்று மன்றத்தில் சொல்லும் பெண்ணை அன்றைய ஊர் கேட்டிருக்காது. 'சாராயம் என் வீட்டை அழிக்கிறது' என்று சொன்னபோது ஊரும் கேட்டது, செய்தித்தாளும் கேட்டது, சட்டமன்றமும் கேட்டது. சாராயம் என்னும் சொல் அவர்களுக்குக் கவசமாயிற்று. குற்றத்தைப் பையின்மேல் ஏற்றியதால் கணவனின் மானம் காக்கப்பட்டது. அவனோடு அவர்கள் தொடர்ந்து வாழவும் முடிந்தது. அது அவர்களின் நுண்ணறிவு.

அரசு அந்தக் கவசத்தையே முழு உருவமாக எடுத்துக்கொண்டது. பையைத் தடைசெய்தது, கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பை திரும்பி வந்தபோது பேசுவதற்கு வேறு சொல் ஊரில் இல்லை.

குடிக்கும் அடிக்கும் உள்ள தொடர்பு பொய்யன்று. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அடிக்கடி போதையேறும் கணவனையுடைய பெண்களில் 70 விழுக்காட்டினர் அவனால் உடல்சார்ந்த அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். குடிக்கவே குடிக்காத கணவனையுடைய பெண்களில் அது 23 விழுக்காடு. முதல் எண்ணை மட்டும் காண்போர் கடையை மூடினால் போதும் என்பர். இரண்டாம் எண்ணையும் காண்போருக்கு வேறொன்று விளங்கும்: ஒரு துளியும் குடிக்காத வீடுகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் அடி விழுகிறது. குடி அடியைப் பெருக்குகிறது. அதைப் பெற்றெடுப்பது, அடிக்க உரிமையுண்டு என்ற எண்ணம்.

அந்த எண்ணத்துக்கும் அதே ஆய்வில் அளவு உண்டு. சமையல் சரியில்லை, சொல்லாமல் வெளியே போனாள், எதிர்த்துப் பேசினாள் என்பன போன்ற ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றுள் எதற்கேனும் கணவன் மனைவியை அடிப்பது முறையா என்று கேட்டபோது, இந்திய அளவில் 45 விழுக்காடு பெண்களும் 44 விழுக்காடு ஆண்களும் முறையே என்றனர். ஆந்திரப் பிரதேசத்துப் பெண்களில் அவ்வாறு சொன்னவர் 84 விழுக்காட்டினர். நெல்லூர் பொங்கியெழுந்து முப்பதாண்டு ஆகும் தறுவாயில் எடுத்த கணக்கு இது. படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தலைமுறை தன் முழு வலிமையையும் திரட்டிச் சாராயத்தை எதிர்த்தது. அடியை அடி என்று பெயர் சொல்லி எதிர்க்கும் பாடம் அவர்களுடைய எந்த நூலிலும் அடுத்து ஏறவில்லை.

நம் பக்கத்துக் கதை

இதைப் பிறர் கதையாக நாம் வாசித்துவிடலாகாது. நெல்லூரில் இரவு வகுப்புகள் நடந்த அதே ஆண்டுகளில் நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். கணவன் கொண்டுபோய் விட்டால்தான் பிறந்த ஊர் போகலாம் என்றிருந்தவர்கள் தாமே மிதித்துப் போனார்கள். அடிபடும் பெண்ணுக்கு ஒரு சைக்கிள் எத்தகைய ஆவணம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பிறகு மாவட்டங்களிலும் அவை பரவின.

மது குறித்த நம் வரலாறும் நெல்லூருடையதைப் போன்றே மேடும் பள்ளமுமானது. 1971-இல் விலக்குத் தளர்ந்தது, பின் மீண்டது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் அமைந்தது. 1991-இல் மலிவு விலை மது நிறுத்தப்பட்டது. 2003-இல் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் கைக்கே வந்தது. நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின், 2017-இல் அக்கடைகள் ஊர்களுக்குள் இடம்பெயர முயன்றபோது நம் கிராமப் பெண்களும் தெருவில் அமர்ந்தனர். அவர்கள் கையில் இருந்த சொல்லும் சாராயத்தைக் குறிக்கும் சொல்லே. அதே குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை எப்போதேனும் அனுபவித்தவர்கள். இந்திய அளவான 29 விழுக்காட்டை நோக்க நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சட்டம் தந்த பெயர்

இந்தத் துன்பத்துக்கு ஒரு பொதுப்பெயரும் இலக்கணமும் வந்தது 2005-இல். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அவ்வாண்டு நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. உடலை வருத்துவது, பாலியல் கொடுமை, சொல்லாலும் உள்ளத்தாலும் வதைப்பது, பொருளைப் பறிப்பதும் மறுப்பதும் என நான்கு வகையாக அச்சட்டம் வன்முறையைப் பகுத்தது. கூலியைப் பிடுங்கிக்கொள்வதும் வன்முறை என்று ஒரு சட்டம் சொன்னபோது, நெல்லூர்ப் பெண்கள் 1992-இல் கேட்ட கேள்விகளுள் ஒன்றுக்குப் பதினான்கு ஆண்டு கழித்து எழுத்தில் விடை கிடைத்தது.

அச்சட்டத்தில் மற்றொரு சிறப்பும் உண்டு. வீடு யார் பெயரில் இருப்பினும், மணவாழ்க்கை நடந்த அந்த வீட்டில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்று அது கூறியது. கணவனைச் சிறைக்கு அனுப்பாமலே அடியை நிறுத்தும் ஆணையைப் பெறவும் வழிசெய்தது. புறப்பட்டுப் போனால் திரும்ப வாசல் இல்லை என்றிருந்த கிராமத்துப் பெண்ணுக்கு இவ்விரண்டும் பொருத்தமானவை. பழைய 498-ஏ பிரிவின் விதிகள், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிய பிரிவுகளாகத் தொடர்கின்றன.

சட்டம் வந்தும், உடல்சார்ந்த அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர் 14 விழுக்காட்டினரே. நீதிமன்றத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலுள்ள தூரம் பேருந்துத் தடத்தால் மட்டும் அளக்கத்தக்கதன்று. சட்டத்தின் மொழி இன்னும் திண்ணைக்கு வந்துசேரவில்லை.

புலவர்க்கு ஒரு விண்ணப்பம்

இங்கேதான் நம் வட்டத்தாருக்கு வேலை இருக்கிறது. நம் மொழியின் பொக்கிஷத்தைச் சற்றே திறந்து பாருங்கள். 'கல்லானாலும் கணவன்' என்ற பழமொழியை நாம் அறிவோம். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பதையும் அறிவோம். அடிபட்டுத் தாய்வீடு திரும்பியவளைச் சுட்ட 'வாழாவெட்டி' என்றொரு சொல் வைத்திருக்கிறோம். அவளை அடித்து அனுப்பியவனைச் சுட்ட அத்தகைய சொல் ஒன்றேனும் நம் வழக்கில் உண்டா? தேடிப் பார்த்தேன், எனக்குக் கிட்டவில்லை. குற்றம் செய்தவனுக்குப் பெயரில்லை. துன்பம் பட்டவளுக்குப் பெயர் இருக்கிறது. 'குடும்ப விவகாரம்', 'புருஷன் பெண்டாட்டி சண்டை' என்று நாம் வழங்கும் தொடர்களும் அவ்வாறே. ஒருவர் அடிக்க ஒருவர் அடிவாங்குவதைச் சண்டை என்று சொல்லும்போதே பாதிக் குற்றத்தை அவள் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இச்சொற்களை ஆக்கியவர் யாரென்று தெரியாது. ஆயினும் அவற்றைக் கவிதையிலும் கதையிலும் திரைப்பாடலிலும் கைமாற்றிக் கொடுத்து வந்தவர்கள் நாம். பொறுமையைப் பாடியிருக்கிறோம், கண்ணீரைப் பாடியிருக்கிறோம். அழுகையின் அழகில் மயங்கி, அழ வைத்தவனின் கையைப் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

பெயரறியாத ஒரு பாட ஆசிரியர், எழுத்துக்கூட்டுவோருக்கென எளிய சொற்களில் ஒரு கதை எழுதினார். அதில் அணி இல்லை, சந்த நயமும் இல்லை. ஒரு பெண்ணுக்கு நேர்வது பலருக்கும் நேர்கிறது என்பதை மட்டும் அது சொன்னது. அது போதுமாயிருந்தது. அவர் சாராயத்தின் பெயரை எழுதினார். அதை அடுத்த பாடம் இன்னும் எழுதப்படவில்லை. அதில் வரும் சீதம்மாவின் கணவன் குடிக்காதவனாகவும் இருக்கலாம், நன்கு படித்தவனாகவும், நம்மைப் போல் கவிதை எழுதுபவனாகவும்கூட இருக்கலாம்.

பத்தாண்டு நிறைவை நாம் கொண்டாடும் இவ்வேளையில், அடுத்த பத்தாண்டுக்குள் நம்முள் எவரேனும் அந்தப் பாடத்தை எழுதுவாராயின் வட்டம் தன் பயனை அடைந்தது என்பேன். அதைக் கூடியமட்டும் எளிய தமிழில் எழுதுங்கள். தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வாசிப்பவளுக்கு அது விளங்க வேண்டும்.